பொம்மை எலியின் கல்லீரல்

"அழகா இருக்குதா? அப்ப எங்கயோ பொய் சொல்லுது."

என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் இதைச் சொல்வார். பாராட்டை எதிர்பார்த்துக் கணினித் திரையை நான் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பேன். சொன்னதும், திரையை என் பக்கமே திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதெல்லாம் முடிந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் இன்றைக்கும் தொலைக்காட்சியில் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம் காட்டினால் நான் முதலில் தோளுக்குப் பின்னால்தான் பார்க்கிறேன். கடலூர்க்காரன் ஒருவன் புயலைவிட இன்னொன்றுக்கு அதிகமாகப் பயப்படுகிறான் என்றால் அது லேசுப்பட்ட சங்கதி இல்லை.

அவர், எங்கள் மேடம், கால்நடை மருத்துவர். கடலூர் துறைமுகம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். சிதம்பரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் ஆராய்ச்சி மையத்தில் எலிகளுக்கு அவர் பொறுப்பு. எலிகளின் படங்களுக்கு நான் பொறுப்பு. பெங்களூரில் ஒரு கம்பெனி, 'உங்கள் திறமைக்கு இந்த இடம் சின்னது' என்று மரியாதையாகச் சொல்லி என்னை வெளியே அனுப்பியிருந்தது. என் திறமைக்குத் தகுந்த பெரிய இடமாகத் தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது எலிக்கூடு.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மேடம் பின்னால் ஏன் அவ்வளவு கத்தினார் என்று புரியாது. சுண்டெலியின் உடம்பில் புற்றுநோய் செல்களை வைப்பார்கள். அந்த செல்களில் மின்மினிப் பூச்சியின் சரக்கு கொஞ்சம் சேர்த்திருக்கும். ஒரு ஊசி போட்டால் அவை உள்ளே ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல். எலியை மயக்கி, இருட்டுப் பெட்டிக்குள் படுக்கவைத்து, குளிரூட்டிய கேமராவால் பொறுமையாகப் படமெடுத்தால் தோலின் மேல் தேமல் மாதிரி ஒரு வெளிச்சம் விழும். அந்தத் தேமலை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே விளக்கு எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எரிகிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். எலியை அறுக்காமலே உள்ளே பார்க்கிற வித்தை. கணக்குப் போடும் புரோகிராம் என்னுடையது.

பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கும் என் மாமாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"எலிக்குள்ள லைட்டா? எதுக்கு மாப்ள, பூனைக்கு அடையாளம் தெரியறதுக்கா?"

மருத்துவருக்கு மூக்கின் மேல் கோபம் என்று மையத்தில் எல்லாரும் சொல்வார்கள். தப்பு. மூக்கின் மேல் இருப்பது ஒரு தும்மலில் போய்விடும். அவருடையது பாதத்திலிருந்து கிளம்பி, வழியில் எல்லா நிறுத்தத்திலும் நின்று ஆளேற்றிக்கொண்டு வரும் கோபம். வாய்க்கு வந்து சேரும்போது அது இரண்டே சொல்லாக இருக்கும்.

"நீ பாத்தியா?"

யார் எதை உறுதியாகச் சொன்னாலும் இதுதான் பதில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குத் தந்தை, மனிதர் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு ஒளி இருக்கிறது என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்திருக்கிறார். பூசை முடிந்ததும் இவர் வாசலில் மறித்து, "உள்ளன்னா எந்த எடத்துல ஃபாதர்? எவ்ளோ ஆழம்?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஞாயிறுகளில் ஃபாதர் பாவத்தைப் பற்றி மட்டுமே பேசினார் என்று கேள்வி. நான் பார்க்கவில்லை.

எலிகளிடம் மட்டும் இந்தக் கோபம் வராது. மனிதர்களுக்கு 'யோவ்'. எலிகளுக்கு, "வாங்க, பயப்படாதீங்க, ஒரே ஊசிதான், தோ முடிஞ்சிடுச்சு பாருங்க." என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை, 'யோவ் சாப்ட்வேரு'தான். எலிகளுக்கும் பெயர் வைக்கமாட்டார். அடையாளத்துக்குக் காதோரம் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும் அல்லவா, அதை வைத்து 'வலது காதுக்காரர்', 'ரெண்டு காதுக்காரர்' என்பார். அந்த மையத்தில் முழு மரியாதை கிடைத்தது அவர்களுக்கு மட்டும்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை, ஒருநாள் கேட்டுவிட்டேன். "மேடம், நானும் உயிரினம்தான். எனக்கு ஏன் ஒரு 'வாங்க' கிடையாது?"

"அவுங்க உசுர குடுக்குறாங்க. நீ இன்னா குடுக்குற? அட்டெண்டன்ஸ்."

பிறகு, கூண்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "ஒருத்தங்க உசுர குடுத்தா, பதிலுக்கு ஒரு உண்மையாவது நாம வாங்கணும்யா. வாங்கலைன்னா இதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல. எலிப்பொறி."

நாங்கள் இருவரும் கடலூரிலிருந்து ஒரே பேருந்தில் போய்வருவோம். ஒருநாள் சிப்காட் பக்கம் வண்டி போகும்போது குபீரென்று ஒரு வாடை. பேருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டது. தொழிற்பேட்டை வந்தாலே பயணிகளில் பாதிப்பேர் இரசாயன நிபுணர்களாகிவிடுவார்கள். ஒருவர் இது இடதுபக்கக் கம்பெனி என்றார். இன்னொருவர், இல்லை, உள்ளே தள்ளி இருக்கிற கம்பெனி என்றார். நானும் என் படிப்புக்கு மரியாதையாக, காற்றடிக்கும் திசையைக் கணக்கில் எடுத்து ஒரு கம்பெனியைக் கை காட்டினேன்.

"நீ பாத்தியா?" கோபம் கிளம்பிவிட்டது. "கிட்ட இருக்குற சின்ன வாடையும் தூரத்துல இருக்குற பெரிய வாடையும் மூக்குக்கு ஒண்ணுதான்யா. மூக்க வச்சிக்கினு எப்படி எடம் சொல்லுவ?"

"பின்ன எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?"

"நகந்து நகந்து பாக்கணும்." எழுந்தார். ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி முன்னால் போனார், பின்னால் வந்தார், குனிந்தார். தொழிற்பேட்டை தாண்டி ஆலப்பாக்கமும் வந்துவிட்டது. வாடை மட்டும் இறங்கவில்லை. கடைசியில் என் இருக்கைக்கு அடியில் கையைவிட்டு ஒரு மஞ்சள் பையை வெளியே இழுத்தார். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த அக்காவுக்காக அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு. காலையில் வாங்கிவந்தவன் நான். அடியில் வைத்தவனும் நான். மூன்று கம்பெனிகள் மேல் வீண்பழி போட்ட பேருந்து மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பைக்கு ஒரு டிக்கெட் போடலாமா என்று யோசித்தார்.

"நம்ம வேலையோட மொத்தப் பிரச்சனையும் இந்தப் பையிலதான்யா இருக்கு" என்று பையை என் மடியில் வைத்தார். "தோலுக்குப் பக்கத்துல ஒரு மங்குன விளக்கு, ஆழத்துல ஒரு பெரிய விளக்கு, ரெண்டும் வெளியில ஒரே தேமலாத்தான் தெரியும். ஒரே ஒரு படத்த பாத்துட்டு எடம் சொல்றவன் ஒண்ணு கடவுளா இருக்கணும், இல்ல சாப்ட்வேரா இருக்கணும்."

பதிலுக்கு என் அறிவையும் காட்டவேண்டும் அல்லவா? வடலூரை எடுத்துவிட்டேன். தைப்பூசத்தன்று மட்டும் சைவமாக இருக்கும் அம்மா சின்ன வயதில் என்னை அங்கே கூட்டிப்போவார். ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள். "அதேதான் மேடம் நம்ம வேலையும். திரைக்குப் பின்னாடி விளக்கு" என்றேன். என் பக்கம் திரும்பினார். பாராட்டப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அங்க திரைய வெலக்குறாங்கய்யா. ஜனங்க கண்ணால பாக்குறாங்க. நீ திரைய மூடி வச்சிக்கினே உள்ள இதுதான் இருக்குன்னு படம் வரைஞ்சி குடுக்குற. அதுவும் கலர்ல."

ஆழத்தைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. அதையும் அவரே காட்டினார். கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தி மூடி, விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இன்னா கலர்ல வருது?" சிவப்பு. "வெள்ளையாத்தான போட்டேன்? மீதி கலர ஒடம்பு தின்னுடுச்சு. ஜாஸ்தி ஆழத்துலேருந்து வந்தா ஜாஸ்தி தின்னிருக்கும். அப்ப ஒவ்வொரு கலரா தனித்தனியா படம் எடுத்து, எது எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு பாத்தா ஆழம் தெரியும்." நேரம் பிடிக்கிற வேலை. ஒரு எலிக்கு ஒரு படம் போதும் என்று எங்கள் இயக்குநர் முடிவு செய்திருந்தார்.

அந்த இயக்குநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குப் படங்கள் பிடிக்கும். "கலர் இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்பா" என்பார், கல்யாண ஆல்பம் பார்க்கிறவர்போல. ஒரு மருந்துக் கம்பெனி தன் புது மருந்தைச் சோதிக்க எங்களிடம் கொடுத்திருந்தது. கல்லீரலில் இருக்கும் புற்று நுரையீரலுக்குப் பரவாமல் அந்த மருந்து தடுக்க வேண்டும். தடுத்தால் அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். தடுக்கிறதா என்பதை எங்கள் எலிகள் சொல்ல வேண்டும்.

அதில் ஒருவர், இடது காதில் வெட்டு உள்ள பெண் எலி. மருத்துவர் 'இடது காதுக்காரம்மா' என்பார். அந்த அம்மாளின் தோலில் தேமல் விழுந்த இடம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடு எல்லை. கீழே கல்லீரல், மேலே நுரையீரல், நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. விளக்கு சவ்வுக்குக் கீழே என்றால் மருந்து வேலை செய்கிறது. மேலே என்றால் மருந்து தோற்றது.

என் புரோகிராம் என்ன சொன்னது? ஒருநாள் கல்லீரல் என்றது. மறுநாள் நுரையீரல் என்றது. அதற்கடுத்த நாள், எலிக்கு வெளியே மேசைமேல் புற்று இருப்பதாகச் சொன்னது. இயக்குநர் என் தோளில் கை போட்டார்.

"தேடுற இடத்தைக் கல்லீரலுக்குள்ள மட்டும் வச்சிடுப்பா. நோய வச்சதே அங்கதானே?"

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இது திருட்டுத்தனமான வழி இல்லை. தேடும் இடத்தைச் சுருக்குவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. மேசைமேல் தேடாதே என்று கணக்குக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். நானும் சுருக்கினேன். படம் வந்தது பாருங்கள்! கல்லீரலின் நட்டநடுவில், வெட்டிவைத்த பப்பாளிபோல, ஓரமெல்லாம் மஞ்சள், உள்ளே சிவப்பு. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படம் எலிக்குள்ளேயே வந்திருக்கிறது. ஓடிப்போய் மருத்துவரைக் கூட்டிவந்தேன்.

அழகா இருக்குதா என்றுகூட அவர் கேட்கவில்லை. "எங்க தேடுன?"

"கல்லீரல்ல."

"எங்க கெடச்சது?"

"கல்லீரல்ல."

"பொட்டிய பூட்டிட்டு பொட்டிக்குள்ளயே தேடுனா வேற எங்கய்யா கெடைக்கும்?"

மறுநாள் பொம்மை எலியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கும் பிளாஸ்டிக் எலி அது. உடம்பு மாதிரியே வெளிச்சத்தை மங்கவைக்கும். அங்கங்கே துளைகள் இருக்கும், அதில் ஒரு குட்டி விளக்கைச் செருகலாம். விளக்கின் மெல்லிய ஒயர் வெளியே தொங்கும். காது கிடையாது. முதலில் விளக்கைத் தொடையில் செருகிப் படமெடுத்து, என் புரோகிராமில் ஓட்டச் சொன்னார். கல்லீரலில் சிவப்பாக எரிந்தது. அடுத்து வால் பக்கம் செருகினார். கல்லீரல். பிளாஸ்டிக் பொம்மைக்கு ஏது கல்லீரல்? பொம்மைக்கு இல்லை, என் புரோகிராமுக்கு இருந்தது.

மூன்றாவது படம் இன்னும் பிரமாதமாக வந்தது. பப்பாளி அவ்வளவு பழுத்து நான் பார்த்ததில்லை. "இது சரியா வந்திருக்கும் மேடம். இந்தத் தடவ கல்லீரல்லயே வச்சிட்டீங்க, அப்படித்தானே?" என்றேன், குறும்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

அவர் சட்டைப்பையிலிருந்து குட்டி விளக்கை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இப்ப ஒண்ணுமே வைக்கலய்யா."

இருட்டில் கேமராவே தானாக உண்டாக்கும் கொஞ்சநஞ்சப் புள்ளிகளை வைத்து என் புரோகிராம் ஒரு புற்றுநோயை உண்டாக்கியிருந்தது. எவ்வளவு மங்கலாக இருந்தாலும், இருப்பதிலேயே அதிகமானதற்குச் சிவப்பு கொடு என்று சொல்லி வைத்தவன் நான்தான். உண்மையான விளக்கு எதுவும் குறுக்கே வந்து தொந்தரவு செய்யாததால் அது மனசுபோல வரைந்திருக்கிறது.

நேராக இயக்குநர் அறைக்குப் போனார். கதவு மூடியிருந்தது, ஆனால் அவர் கோபத்துக்குக் கதவெல்லாம் கணக்கில்லை. வராந்தாவில் நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"கம்பெனிக்கு அனுப்பாதீங்க சார். கலர் கலரா தனியா படம் எடுக்கணும், ஒருத்தங்கள தெறந்து கண்ணால பாக்கணும். அதுக்கப்புறம் அனுப்புங்க."

"அடுத்த வாரம் அவங்க நேர்ல வர்றாங்கம்மா. இப்ப போய் நேரம் கேட்டா நல்லா இருக்குமா?"

"இத நம்பி நாளைக்கு மனுசங்களுக்கு மருந்து குடுப்பாங்க சார்."

"உங்க ஒப்பந்தமும் இந்த மாசம் முடியுது. அதையும் கொஞ்சம் யோசிங்க."

பிறகு அவர் குரல், கத்தாமல். "யோசிச்சிட்டேன் சார்."

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரியவர், மென்மையாகப் பேசுகிறவர். இன்னொருவர் கைப்பேசியில் பேசுகிறவர். இயக்குநர் என் பப்பாளியைச் சுவரளவுக்குப் பெரிதாகக் காட்டினார். பெரியவர், "ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். அப்போது மருத்துவர் பொம்மை எலியோடு முன்னால் போனார்.

"ஐயா, ஒரு சின்ன வெளையாட்டு. இந்த விளக்க இந்த எலியில நீங்களே எங்கயாவது வைங்க. எங்க வச்சீங்கன்னு எங்ககிட்ட சொல்லாதீங்க. இவரு புரோகிராம் கண்டுபிடிக்கட்டும்."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப..." என்று இயக்குநர் எழுந்தார். ஆனால் பெரியவருக்கு ஆசை வந்துவிட்டது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருகினார், ஒயரைக் கைக்குட்டையால் மறைத்தார், அவரே பெட்டிக்குள் வைத்தார். படம் எடுத்து, ஓட்டி, சுவரில் காட்டினேன். கல்லீரல். பழுத்த பப்பாளி.

பெரியவர் சுவரைப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். கைக்குட்டையை எடுத்தார். "நான் தலையில வச்சேனே" என்றார்.

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். நான்தான். என் புரோகிராம் தோற்றதற்கு முதலில் சிரித்த ஆளும் நான்தான் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

"ஒரு எலியத் திறந்தே பாத்துடலாமே" என்றார் பெரியவர். அவர் சொன்னபிறகு இயக்குநரால் மறுக்க முடியவில்லை.

இடது காதுக்காரம்மாவுக்கு இரண்டு நாளாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு அவுங்கள அனுப்பித்தான் ஆகணும், கஷ்டப்படுறாங்க" என்றார் மருத்துவர். தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "வாங்க. வலிக்காது. நான் இருக்கேன்." வலிக்காமல்தான் அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். எலியைப் பார்த்தாலே நாற்காலியில் ஏறுகிற ஆள் நான். அன்றைக்கு ஏறவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கல்லீரலில் நோயை வைத்த இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு, அவ்வளவுதான். மேலே, நுரையீரலின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக, ரவையைத் தூவியதுபோல.

"பாத்தியா?" என்றார். அவர் அதைக் கோபமில்லாமல் கேட்டது அப்போதுதான் முதல்முறை.

"பாத்தேன் மேடம்."

இதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கம்பெனி மருந்தை நிறுத்தியது. சரி. நன்றி சொல்லி இன்னொரு வேலையையும் எங்களுக்குக் கொடுத்தது. அதுவும் சரி. நன்றியை வாங்கிக்கொண்டது யார்? இயக்குநர்! நுரையீரல் பரவலை உரிய நேரத்தில் கண்டுபிடித்தது எங்கள் மையத்தின் தொழில்நுட்பம் என்று மேடைமேடையாகப் பேசினார். எந்தத் தொழில்நுட்பம்? மேசைமேல் புற்றைக் கண்டுபிடித்ததே, அதுவா? கண்டுபிடித்தது ஒரு பெண்ணின் கோபமும் ஒரு எலியின் உயிரும். அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, குழுவாக இணைந்து பணிபுரியும் மனப்பான்மை போதாது என்றார்கள். எந்தக் குழு, எலிகளைத் தவிர?

கடைசி நாளில் மனிதர்கள் யாரிடமும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கூண்டு கூண்டாக நின்று, "வர்றேங்க, புதுசா வர்றவங்ககிட்ட கடிக்காம இருங்க" என்று சொன்னார். இயக்குநர் அறையைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து நின்றார்.

"யோவ் சாப்ட்வேரு. பெரிசா தேடு."

அவ்வளவுதான். நானும் கொஞ்ச நாளில் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். இப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். அதே பேருந்து, அதே சாலை. போன மாதம் மாமாவும் என்னோடு வந்தார். மையத்தின் வாசலைத் தாண்டும்போது முழங்கையால் இடித்தார்.

"மாப்ள, ஒன் எலி ஆபீசு. பேனர பாரு."

வாசல் அகலத்துக்கு ஒரு பேனர். அமைச்சர் வந்தால் வைப்பார்களே, அந்த அளவு. ஒரு பக்கம் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். 'நுரையீரல் பரவலை அறுவையின்றிக் கண்டறிந்த முன்னோடி' என்று கொட்டை எழுத்து. அறுவையின்றியாம்! மறுபக்கம் ஒரு எலி. கல்லீரலில் பழுத்த பப்பாளி.

"நுரையீரல்னு போட்டிருக்கான். வவுத்துலல்ல எரியுது?" என்றார் மாமா. பலாப்பழம் விற்கிறவருக்குத் தெரிகிறது. ஆனால் நான் பார்த்தது அதையல்ல. அந்த எலிக்குக் காது இல்லை. உடம்பிலிருந்து ஒயர் எதுவும் தொங்கவுமில்லை. ஆபீசில் இருப்பதிலேயே அழகான படமாகப் பார்த்து எடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். இருப்பதிலேயே அழகானது மூன்றாவது படம். ஒன்றுமே வைக்காத பொம்மை.

சிதம்பரத்தில் இறங்கியதும் அவருக்குப் போன் செய்தேன். இப்போது ஆந்திரா பக்கம் ஒரு பால்பண்ணையில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

"மேடம், மையத்து வாசல்ல பேனர் வச்சிருக்கானுங்க. அந்தக் கல்லீரல் படம்."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது. அவர் கத்தவில்லை.

"யாரோட படம்யா? இடது காதுக்காரம்மாவோடதா?"

"இல்ல மேடம். காது இல்ல. பொம்மை. அதுலயும் ஒயர் இல்லாதது."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்பாடா. அவுங்க மொகத்த வச்சிப் பொய் சொல்லலல்ல? போதும்யா, விடு." மாட்டிடம், "தோ வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

போதுமாம். இத்தனை வருஷம் ஊரையே எரித்த கோபம், ஒரு எலிக்கு அவமானம் இல்லை என்றதும் அடங்கிவிட்டது. அடங்கியது எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. இப்போதெல்லாம் அந்த வாசல் வந்ததும் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யோவ், அது பொம்மைய்யா! உள்ள ஒண்ணுமே வைக்கலய்யா!" என்று கத்துகிறேன். வாசலில் காவலுக்கு இருப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சலாம் வைக்கிறார். முன்வரிசையில் யாராவது திடுக்கிட்டுத் திரும்பினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சமாதானம் சொல்கிறார்.

"ஒண்ணும் இல்லங்க. அவரு பாத்திருக்காரு."